மோட்டார் தூக்கப் போன நாள்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது மூன்று, மற்ற இரண்டு பேர் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பிள்ளைகள், தாயில்லாமல் வந்தவர்கள். இதில் யார் பெற்றது, யார் வந்தது என்று வெளியாட்கள் கேட்டால் இன்றைக்கும் நான் பிரித்துச் சொல்வதில்லை. ஐந்து பேரும் ஒரே குண்டானில் களி தின்றார்கள், ஒரே பாயில் உருண்டார்கள். ஒருவன் லாரி ஓட்டுகிறான், மற்றவர்கள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். ஒருவரும் சோடை போகவில்லை.

நான் மூன்றாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அப்படியேதான் எழுதுவேன். ஆனால் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. ரேஷன் கடையானாலும் பேங்க் ஆனாலும் கையெழுத்துதான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாவை இனி ஆற்றங்கரை நிலத்துக்கு விடக் கூடாது, நிலத்தை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குள் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சொல்லத்தான் வருகிறார்கள். இவ்வளவுக்கும் காரணம் ஒரு வீடியோ. அதில் ஒரு கிழவர் மோட்டார் ரூம் தளத்தின்மேல் இடுப்பில் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் தண்ணீர். மீட்க வந்தவர்கள் கையை நீட்டுகிறார்கள், அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். பக்கத்தில் சங்கிலியில் ஒரு மோட்டார் தொங்குகிறது. "உயிரைவிட மோட்டார் பெரிசா தாத்தா?" என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்களாம். என் பெரிய மகன் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, பேச முடியாமல் வைத்துவிட்டான்.

அந்தக் கிழவர் என் வீட்டுக்காரர். அந்த வீடியோ அன்றைய நாளில் ஒரு சிட்டிகை. மிச்சத்தை எல்லாம் ரோட்டில் நின்று பார்த்தவள் நான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஓசூருக்குக் கீழே, அணையைத் தாண்டி, தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. எங்கள் ஆற்றில் வெள்ளம் வர எங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. பெங்களூரில் பெய்தால் போதும். இங்கே வெயில் காயும், மிளகாயை வெளியே பரப்பியிருப்போம், ஆறு மட்டும் ஏறும். தண்ணீருக்கு முன்னால் நுரை வரும். சோப்புத் தண்ணீரை யாரோ ஊரளவு பாத்திரத்தில் அடித்துக் கலக்கினமாதிரி வெள்ளை வெள்ளையாக நுரை. தரைப்பாலத்தின்மேல் ஆள் உயரத்துக்கு நிற்கும். காற்றடித்தால் பிய்ந்து பறந்து வந்து கத்தரிச் செடிமேல் உட்காரும். கிட்டே போனால் மூக்கு எரியும். வெளியூர்க்காரர்கள் வந்து அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. நுரை பாலத்தின் கைப்பிடியைத் தொட்டால் அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். நுரை முதலில், தண்ணீர் பிறகு. நடுவில் ஒரு சோறு ஆக்கி இறக்கும் நேரம் கிடைக்கும். மைக் வைத்த வண்டி வந்து மேட்டுக்குப் போங்கள் என்று கத்துவதற்கு முன்பே நாங்கள் நுரையைப் பார்த்துப் பாதி வேலையை முடித்திருப்போம்.

அந்த வேலை என்னவென்று டவுன்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெள்ளம் வருகிறது என்றால் அவர்கள் ஆற்றைவிட்டு ஓடுவார்கள். எங்கள் ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் ஆற்றைப் பார்த்து ஓடுவார்கள். கரையோரக் குழியில்தானே தண்ணீர் இறைக்கிற மோட்டார் இருக்கிறது? அது மூழ்கினால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, காயில் என்பார்கள், வெந்துபோகும். அதைக் கழற்றி டவுனுக்குத் தூக்கிப்போய்க் கட்டி வருவதற்குள் தக்காளி வாடிவிடும். அதனால் குழியின்மேல், மோட்டார் ரூம் சுவரை ஒட்டி, இரும்பில் ஒரு சட்டம் நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி வைத்திருப்போம். நுரை வந்தால் ஓடிப்போய்ப் போல்ட்டைக் கழற்றி, சங்கிலியை இழுத்து, மோட்டாரை மேலே தூக்கித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்போம். ஊர் முழுக்க அப்படித்தான். யாருக்கும் அது ஆபத்தாகத் தெரிந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகடு அடிக்கிற மெஷின். வேலையைவிட்டு நின்ற வருஷம் அவர் கழுத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள்; மாலையோடு வீட்டுக்கு வந்தவரை "ஏங்க" என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. பிள்ளைகள் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். விசிலடிக்குது என்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். கிட்டே இருந்தால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தூரத்தில் இருந்தால் கைதான். சாப்பாட்டுக்கு ஒரு கை, மாட்டுக்கு ஒரு கை, யாரோ வந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கை. யாரும் சொல்லித்தந்ததில்லை, இருக்க இருக்க வந்துவிட்டது. நிலத்தில் குனிந்திருக்கும்போது கூப்பிட வேண்டுமென்றால் ஒரு மண்கட்டியை எடுத்து அவர் காலடியில் விழுகிறமாதிரி எறிவேன். எனக்குக் குறி தப்பாது.

அன்றைக்கு முன்தின ராத்திரியிலிருந்தே மழை. பெங்களூரிலும் மழை, எங்கள் ஊரிலும் மழை. இரண்டும் ஒன்றாகப் பெய்வதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் அவர் வாசலில் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தார். நுரை பாலத்தை மூடியிருந்தது. ஸ்பானரை எடுத்து இடுப்பில் செருகினார், கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டார். கோணிப்பையைக் கொங்காணியாக மடித்து நான்தான் தலையில் மாட்டிவிட்டேன். சீக்கிரம் என்று கையைக் காட்டினேன். அவர் கஞ்சியைக் கரைத்துவை என்று கையைக் காட்டினார். எப்போதும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரில் இல்லை. அதனால் என்ன, கப்பி இருக்கிறது, ஒரு ஆள் போதும்.

நாங்கள் எல்லோரும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவே ஆற்றைப் பார்த்து நின்றது. முதுகுப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

ஊருக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு ஓடை உண்டு. மேலே இருக்கிற ஏரி நிரம்பி வழிகிற கடைவாயிலிருந்து, வீடுகளுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஆற்றில் சேரும். ஓடை என்பது பெயருக்குத்தான். செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். முன்னெல்லாம் அதற்கு மேலே கேழ்வரகுக் காடு. எவ்வளவு மழை பெய்தாலும் மண் குடித்துவிடும். இப்போது அங்கே கம்பெனி ஷெட்டுகள், அதற்குப் பக்கத்தில் கலர் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள், தார் ரோடு வந்திருக்கிறது. நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனிகளில்தான் என் பிள்ளைகள் சோறு தின்றார்கள், வாடகைக்கு வந்தவர்களால்தான் எங்கள் பாலும் கீரையும் விற்கிறது. ஆனால் அவ்வளவு தகரத்திலும் தாரிலும் விழுந்த மழை எங்கேயாவது போக வேண்டும் இல்லையா? அதற்கு விட்டிருந்த வழி அந்த ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழாய்.

பக்கத்து வீட்டுக்காரி மாட்டைப் பிடிக்கப் பின்பக்கம் போனவள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், பதறினால் மட்டும் தெலுங்குதான், தண்ணீர் நீள்ளு ஆகிவிடும்.

"அக்கா, நீள்ளு அக்கா, நீள்ளு."

"ஆத்துலதானே? தெரியும் போ."

"ஆத்துல இல்ல. பின்னாடி. ஓடையில. ஏரி ஒடைஞ்சிகினு வருது."

நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். ஆற்று நீர் வெள்ளையாக வரும், இது சிவப்பாக வந்துகொண்டிருந்தது. வேலிக்கல், பிளாஸ்டிக் நாற்காலி, மனைக்கு நட்ட கலர் கல் எல்லாம் உருண்டு வந்தன. நுரை இல்லை. வாடையில்லை. மைக் வண்டி இல்லை. செருப்பு நனையாமல் தாண்டுகிற இடத்தில் இப்போது ஒரு ஆறு ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர்.

நான் ஓடையை நோக்கி இறங்கினேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஒத்து அக்கா, ஒத்து" என்று அழுதாள். வேண்டாம் என்று அர்த்தம். அவள் கையைத் தட்டிவிட்டுப் புது ரோட்டுக்கு ஓடினேன். அந்த ரோடு மேடாகப் போட்டிருக்கிறது, அங்கிருந்து நிலம் தெரியும்.

தெரிந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, நடுவில் எங்கள் நிலம் ஒரு வரப்பு அகலத்துக்கு. அவர் மோட்டாரை முழுசாகத் தூக்கிவிட்டார். சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வேலை முடிந்த நிம்மதியில் கொங்காணியைச் சரி செய்துகொண்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். அவருக்கு ஓடைச் சத்தம் கேட்காது. செடி மறைப்பில் தண்ணீரும் தெரியாது. வழக்கமாகத் தாண்டுகிற இடத்துக்கு, தலையைக் குனிந்துகொண்டு, மழைக்கு முகம் காட்டாமல் வருகிறார்.

நான் கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். கையை ஆட்டினேன், அவர் நிமிரவில்லை. மண்கட்டி எறியும் தூரம் அல்ல.

என் கடைசி மருமகள் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் என் கடைசி மகனைக் கட்டிக்கொண்டு, எங்கள் தெருவிலேயே தனியாகக் குடியிருக்கிறாள். நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்தவள்.

"மாமா வாராங்களா அத்த?"

"தண்ணியைப் பாக்காம வராரும்மா. கூப்பிட வழியில்லையே."

"நில்லுங்க, பைக்க எடுக்கேன்."

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பைக்கை ரோட்டோரம் கொண்டுவந்து, மூக்கை நிலத்துப் பக்கம் திருப்பி, விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். வானம் இருட்டிக் கிடந்ததால் அந்த வெளிச்சம் மழைக்குள் நீட்டிக்கொண்டு போனது. அவர் நின்றார். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். நான் விளக்குக்கு முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அங்கேயே நில்லுங்கள். பிறகு விரலை மேலே காட்டினேன். ஏறுங்கள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் தண்ணீரில் கால் வைத்திருப்பார். திரும்பிப் போய், ஜன்னலில் கால் வைத்து, மோட்டார் ரூம் தளத்தின்மேல் ஏறினார். ஏறியபிறகுதான் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தார். பிறகு தோளில் இருந்த கயிற்றை இடுப்பைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை இரும்புச் சட்டத்தில் கட்டி, இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கயிற்றைத்தான் வீடியோவில் பார்த்துவிட்டு, மோட்டாரோடு தன்னைக் கட்டிக்கொண்டார் என்று பேசுகிறார்கள். சட்டம் கான்கிரீட்டில் புதைத்தது. ஆற்றோடு போகாமல் இருக்கக் கட்டிக்கொண்டார். புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள்.

மருமகள் தீயணைப்புக்குப் போன் போட்டாள். வருகிறோம் என்றார்கள். எல்லாப் பக்கமும் அதே கதை, எங்களைமாதிரி எத்தனையோ பேர் கூப்பிட்டிருப்பார்கள். ஊர் ஆட்கள் கயிறு எறிந்து பார்த்தார்கள், பாதிகூடப் போகவில்லை. என் மகன் கம்பெனியில் மாட்டிக்கொண்டான். பாலம் மூழ்கியதால் பஸ் வரவில்லை. தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் எல்லோரையும் கல்யாண மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். மருமகளிடம், பேத்தியை அழைத்துக்கொண்டு போ, நான் வரவில்லை என்றேன்.

"நீங்க நனைஞ்சு என்ன ஆவப்போவுது அத்த?"

"நான் போயிட்டா அவரு யாரைப் பாப்பாரு?"

அவள் போய்ப் பிள்ளையை மண்டபத்தில் விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் குடையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த பெண். உட்காரு என்றால் உட்காரவில்லை. ஐந்து பேரை வளர்த்தேன் என்று எழுதினேனே, இவளை நான் வளர்க்கவில்லை. வளர்த்த தாய் நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தமாதிரி எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. கல்யாணத்தில் நான் தலையைக் குனிந்திருந்தேன். இங்கே கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எடுக்கவில்லை. நடுநடுவே காற்று நுரையைக் கிளப்பி அவர்மேல் போடும். தலை, தோள் எல்லாம் வெள்ளையாகிவிடும். முகத்தை மட்டும் வழித்துவிட்டுக்கொண்டு மறுபடி என்னைத் தேடுவார். ஒருமுறை கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்று காட்டினேன். ஆள்காட்டி விரலை ஆட்டினார். பொய் சொல்லாதே என்று.

"மாமா என்ன சொல்லுதாங்க?" என்றாள் மருமகள்.

"என்னைத் திட்றாரு."

"அங்க உக்காந்துகிட்டா?"

"எங்க உக்காந்தா என்ன, திட்றதுக்கு?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு போய் அழுகையாகிவிட்டது. குடையைச் சாய்த்து அவருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டேன்.

மதியத்துக்குமேல் தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகோடு வந்தார்கள். ஏற்கெனவே எங்கெங்கோ ஆட்களைத் தூக்கிவிட்டு வந்தவர்கள். முகத்தில் களைப்பு அப்பியிருந்தது. மழை விட்டிருந்தது, ஓடையின் வேகமும் கொஞ்சம் தணிந்திருந்தது. ரோட்டுக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே மெல்ல மெல்லப் படகைக் கொண்டுபோனார்கள். அதற்குள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மனைப் பக்கத்துப் பையன் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பாருங்க மக்களே" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

படகு தளத்துக்குக் கீழே போய் நின்றது. ஒருவர் கையை நீட்டி, இறங்கி வாங்க ஐயா என்று கூப்பிட்டார். இவர் தலையை ஆட்டினார். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி ஆட்டினார். இடுப்பைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார்.

"பசிக்குதுன்றாரு" என்றது ஒரு குரல்.

"பசியில்ல, மோட்டாரை வுட்டுட்டு வர மாட்டேன்றாரு. எங்க பெரியப்பாவும் இப்பிடித்தான்."

கூட்டம் சிரித்தது. வீடியோவில் இருப்பது இந்த இடம்தான். நானும் எழுந்து நின்று, "ஏங்க, மோட்டார் போனா போவுது, வாங்க" என்று கத்தினேன். பிறகுதான் அவர் கையைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு விரலை நீட்டி, சேர்த்துப் பிரித்து, சேர்த்துப் பிரித்துக் காட்டினார். கீரைக்கட்டு வாழைநாரில் இறுகிக்கொண்டால் என்னிடம் அரிவாள் கேட்பது அந்தக் கைதான். காலையிலிருந்து மழையில் ஊறி முடிச்சு இறுகிப்போயிருக்கிறது, அவிழவில்லை. விரல்களும் விறைத்துவிட்டிருக்கும். நீங்கள் இழுத்தாலும் வர முடியாது, கட்டியிருக்கிறது என்று அந்த மனுஷன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"முடிச்சு அவுரல சார், அறுத்து வுடச் சொல்றாரு" என்று ரோட்டில் நின்றிருந்த தீயணைப்புக்காரரிடம் சொன்னேன். "அவருக்குக் காது கேக்காது. கத்தியைக் காட்டுங்க, தலையாட்டுவாரு."

அவர் விசில் ஊதிப் படகுக்குச் சொன்னார். படகில் இருந்தவர் கத்தியை எடுத்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிய ஆட்டில் நுரை நாலு பக்கமும் தெறித்தது. ஒருவர் மேலே ஏறிக் கயிற்றை அறுத்தார். குழந்தையை இறக்குகிறமாதிரி அக்குளில் கை கொடுத்து இறக்கினார்கள். அதற்குள் அந்தப் பையன் போனைப் பையில் போட்டுவிட்டான்.

கரைக்கு வந்ததும் அவர் என் தலையில் கைவைத்துப் பார்த்தார், நனைந்திருக்கிறதா என்று. தீயணைப்புக்காரர்கள் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் அடுத்த இடத்துக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் யார் பெற்றதோ.

மண்டபத்தில் தக்காளிச் சோறு போட்டார்கள். ஊர்ச் சனம், வாடகைக்கு இருக்கிற வடக்கத்திப் பையன்கள், கன்னடக்காரர்கள், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது. ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்து கேட்டார். மண்டபத்தின் கடைசி மூலைவரை கேட்டது.

"நீ அழுதியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அழுதே. கொடையைச் சாச்சிகினு அழுதே. நான் பாத்தேன்."

மெதுவாகப் பேசுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"மெதுவாத்தான் பேசறேன்" என்றார், இன்னும் சத்தமாக.

பந்தியே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரி வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல்.

அந்தச் சிரிப்பை என் பிள்ளைகள் கவனித்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் கூடும்போது அவர் அப்படித்தான் சிரிப்பார். டிவி ஓடும், பேரப்பிள்ளைகள் பேசும், யாரோ எதற்கோ சிரிப்பார்கள். இவர் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கடைசி ஆளாகச் சிரிப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, மாட்டைப் பார்க்கிறேன் என்று போய்விடுவார். நிலத்தில் அவர் அப்படிச் சிரிக்க வேண்டியதில்லை. தக்காளிச் செடி அவரிடம் பேசுவதில்லை. இலையைப் பார்த்தால் அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. நிலத்தைப் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷனுக்கு மிச்சம் இருப்பது கடைசியாகச் சிரிக்கிற வேலை மட்டும்தான்.

பிள்ளைகள் பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. அவர்களைவிட நான் பயந்தவள். ஆறு இனி சும்மா இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓடையும் சும்மா இருக்காது. மேலே இன்னும் ஷெட்டுகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. குழாயைப் பெரிதாக்குகிறோம் என்று அளந்து போயிருக்கிறார்கள். செய்தால் நல்லது. நுரையை நம்பிய எங்கள் கணக்கு அன்றைக்கே பொய்த்துப்போனது. தண்ணீர் ஒரு பக்கம்தான் வரும் என்று ஊரே நம்பியது தப்பு. இதில் அவரை மட்டும் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

தண்ணீர் வடிந்தபிறகு அவரும் நானும் நிலத்துக்குப் போனோம். செடி எல்லாம் படுத்துக் கிடந்தது. இலைமேல் நுரை காய்ந்து சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. மோட்டார் மட்டும் சங்கிலியில் ஒன்றும் ஆகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"இனிமே இதைத் தூக்க வேணாம்."

"வேற யாரு தூக்குவாங்க?"

"யாரும் தூக்க வேணாம். மூழ்கினா மூழ்கட்டும். காயில் கட்டிக்கலாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "நெலத்துக்கே வர வேணான்றியா? பசங்க சொன்னாங்களா?"

"நெலத்துக்கு வாங்க. தெனமும் வாங்க. நுரை வந்தா மோட்டாரைப் பாக்காம வூட்டுக்கு வந்துடுங்க. அதான் சொல்றேன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். "தக்காளி காயுமே" என்றார்.

"காயட்டும்."

"ஓடை வந்தா? அது எனக்குக் கேக்காதே."

நான் ஓடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மறுபடி அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "நானும் கூட வரேன். ஓடைப் பக்கமா வரப்புல உக்காந்து கீரை ஆய்வேன். நீங்க ஆத்தைப் பாத்துக்கோங்க, நான் ஓடையைப் பாத்துக்கறேன்."

"உனக்கு முட்டி வலி."

"முட்டி வலி வூட்லயும்தான் இருக்குது."

அவர் சங்கிலியை விட்டார். கொக்கியைக் கழற்றி, மோட்டாரை மெல்லக் குழிக்குள் இறக்கி, போல்ட்டை முடுக்கினார். ஸ்பானரைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அதை நான் வீட்டில் என் துணிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மழை நாளில் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டார். எங்களுக்குள் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வரட்டும். கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன், நன்றாகச் சாப்பிடட்டும். அவர்கள் சொல்வதை எல்லாம் கேட்பேன். சண்டை போட மாட்டேன். இதைப் படித்துக் காட்டச் சொல்வேன். அதற்குப் பிறகு நிலம் யாரிடமும் போகாது என்று நான் சொல்வேன். அவர் இந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து பத்திரமாக இருப்பதைவிட, என் கண் பார்க்கிற தூரத்தில் செடிக்கு நடுவில் குனிந்திருக்கட்டும்.

எழுதி முடிக்கக் கை வலித்துவிட்டது. பேத்தி உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளைக் கூப்பிடுகிறேன். அவரும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறாய் என்று பார்வையாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"கண்ணு, செத்த வா. இதை மொதல்ல இருந்து படி. எழுத்துப் பிழை இருந்தா அப்பறம் திருத்திக்கலாம், இப்ப படி மட்டும். என்னைப் பாத்து வேணாம். தாத்தாவுக்கு நேரா உக்காந்து, வாயை நல்லாத் தெறந்து, மெதுவா படி."